பாலர் சித்திரமும் பகுத்தறிவும்

எழுத்தறியாக் குழந்தையின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தால் அது செய்வது யாது? ஏட்டைப் புரட்டும், எழுத்து நிறைந்த பக்கங்களை விரைந்து தள்ளும், சித்திரமுள்ள பக்கம் வந்ததும் நின்றுவிடும். யானையைக் கண்டால் விரல் வைத்துத் தொடும், நாயைக் கண்டால் குரைத்துக் காட்டும், மனித உருவைக் கண்டால், "இது யார்?" என்று கேட்கும். அக்கேள்விக்கு நாம் வாயால் சொல்லும் விடை ஒன்று. சித்திரம் தானே சொல்லிவிடும் விடை மற்றொன்று. இவ்விரண்டில் பின்னதே குழந்தையின் உள்ளத்தில் நெடுநாள் நிற்கும் என்பதைப் பிள்ளை வளர்த்தோர் அனைவரும் அறிவர்.

பழைய சிறுவர் சித்திர நூல்களைத் தேடிப் போற்றும் பெரியோர் இன்று பலர் உளர். நூறாண்டுக்கு முற்பட்ட பதிப்புக்களை விலை பாராமல் வாங்குகின்றனர். சித்திரங்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகின்றனர். அந்நூல்களையே தீயிலிட வேண்டுமென்று சினப்போரும் இருக்கின்றனர். முன்னவர், "எவ்வளவு அழகு!" என்கின்றனர்; பின்னவர், "எவ்வளவு இழிவு!" என்கின்றனர். இரு திறத்தாரும் காட்டுவது சில வேளைகளில் ஒரே ஏட்டையே. அழகும் இழிவும் ஒரே பக்கத்தில் குடியிருக்குமாயின் அறிவுடையோர் அதனை எவ்வாறு பார்ப்பது? நாம் இங்கு ஆராயப் புகுந்த வினா இதுவே.

பழமை என்ற ஒன்றினாலேயே ஒரு பொருள் போற்றத்தக்கதாகிவிடாது என்பது நம் வாசகர்க்குப் புதிய செய்தியன்று. பழமை என்ற ஒன்றினாலேயே அது எறியத்தக்கதாகிவிடாது என்பதும் அதே பகுத்தறிவின் தீர்ப்பாகும். ஆகவே, தராசைக் கையிலெடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

ஆதி பாலபாடம்

1658ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் ஒரு பாலபாட நூல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் மொராவியா நாட்டினரான கொமேனியஸ் என்னும் கல்வியாளர். முப்பதாண்டுப் போரின் கொடுமையால் தாய்நாட்டை இழந்து தேசந்தேசமாக அலைந்தவர். பிரம்பும் மனப்பாடமுமே கல்வி என்றிருந்த நாளில், கண்ணாற் காணும் பொருளோடு சொல்லைச் சேர்த்தே குழந்தைக்குக் கற்பிக்க வேண்டுமென்று அவர் வாதாடினார். அவரது நூலில் ஏறக்குறைய 150 மரச்செதுக்குச் சித்திரங்கள் உள்ளன. வானம், நெருப்பு, பறவை, உழவு, ரொட்டி சுடும் கூடம், அச்சுக்கூடம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படம். படத்தின் உறுப்புக்களுக்கு எண்கள். அதே எண்கள் அருகிலுள்ள வாக்கியங்களிலும் இருக்கும். குழந்தை எண்ணைப் பிடித்துக்கொண்டு படத்துக்கும் சொல்லுக்குமாகப் போய் வரும். மறு ஆண்டிலேயே அந்நூல் ஆங்கிலத்திற்கும் பெயர்ந்தது. குழந்தைகளுக்கென்றே ஆக்கப்பட்ட சித்திர நூல்களின் முன்னோடியென அறிஞர் இதனைக் கொண்டாடுவர்.

அந்நூலில் ஒரு பக்கம் நம் சிந்தனையைக் கவர்கிறது. காணும் பொருள்களை எல்லாம் வரைந்து வந்த ஆசிரியர், மனிதனின் ஆன்மாவைப் பற்றிய பாடம் வந்ததும் என் செய்வார்? ஆன்மா உண்டா, இல்லையா என்ற வழக்கை நாம் இங்கே தொடுக்கவில்லை. அதனை அவர் காட்டிய முறையே நமக்கு வேண்டுவது. ஒரு திரையின் மேல் வெறும் புள்ளிகளால் ஆன ஒரு மனித உருவை அமைத்துவிட்டார். அவ்வுருவுக்கு முகமில்லை, உடையில்லை, நிறமில்லை. அதைப் பார்த்து, இவன் ஆண்டான், இவன் அடிமை என்று எவராலும் சொல்ல முடியாது. குழந்தைகளின் சித்திர நூல் என்பது அத்தகைய புள்ளி உருவோடு தொடங்கிற்று. அப்புள்ளிகளுக்குள் நிறத்தையும் குலத்தையும் ஏற்றத்தாழ்வையும் நிரப்பிய கைகள் பின்னரே வந்தன. அக்கைகள் எவை, அவை எதைப் பார்த்து நிரப்பின என்பதை நாம் காணவேண்டும்.

கையின் பெருமை

முதலில் பெருமையைச் சொல்லுவோம், அதுவே நியாயம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே சிறுவர் சித்திரக்கலை ஓர் உச்சத்தை அடைந்தது. அதற்கு முன் பிள்ளைகளுக்கென்று விற்ற மலிவுப் புத்தகங்கள் பெரும்பாலும் கண்ணைக் குத்தும் நிறங்களை அப்பிக்கொண்டு வந்தவை. மலிவான புத்தகம் அழகாகவும் இருக்கலாகாதா என்று கேட்டவர் லண்டன் அச்சாளரான எட்மண்ட் எவன்ஸ். அவருடைய முறை மிகுந்த பொறுமையை வேண்டுவது. ஓவியர் வரைந்த கோடுகளை முதலில் ஒரு மரக்கட்டையில் செதுக்குவர். அதிலிருந்து எடுத்த படியின் மேல் ஓவியர் நிறந்தீட்டிக் கொடுப்பார். பின்னர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கட்டை செதுக்கப்படும். மஞ்சளின் மேல் நீலத்தின் மெல்லிய கோடுகள் விழுந்தால் பசுமை பிறக்கும். கட்டைக்குக் கட்டை ஒரு மயிரிழை பிசகினாலும் முகம் ஓரிடம், கன்னத்துச் சிவப்பு ஓரிடமாகப் போய்விடும். இவ்வளவு உழைப்பும் ஆறு பென்ஸுக்கும் ஒரு ஷில்லிங்குக்கும் விற்ற புத்தகங்களுக்காகச் செலவிடப்பட்டது.

எவன்ஸ் அச்சிட்ட ஓவியருள் மூவர் தலைசிறந்தவர்: வால்ட்டர் கிரேன், ராண்டால்ப் கால்டெகாட், கேட் கிரீனவே. கிரேன் சமதர்மக் கொள்கையினர். உழைப்பாளிகளின் இயக்கங்களுக்குத் தம் தூரிகையைக் கொடையாகக் கொடுத்தவர். அவர் சித்திரங்களிற் காணும் அழுத்தமான கரிய கோடும் நிழலற்ற நிறப்பரப்பும் ஜப்பானிய அச்சோவியங்களைக் கண்டு கற்றவை. இங்கிலாந்துக் குழந்தையின் படுக்கையறைக்குள் கீழைநாட்டுக் கலை இவ்வாறு நுழைந்தது. கிரீனவே அம்மையாரின் முதல் நூல் 1879இல் வெளிவந்தபோது எவன்ஸ் 20,000 பிரதிகளைத் துணிந்து அச்சிட்டார், பதிப்பாளர் அஞ்சினர், பிரதிகளோ விரைவில் தீர்ந்துவிட்டன.

கால்டெகாட் ஒரு வங்கிக் குமாஸ்தாவாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1878 முதல் 1885 வரை ஆண்டுக்கு இரண்டாகப் பதினாறு சித்திர நூல்களை வெளியிட்டார். 1886இல், நாற்பது வயது நிரம்புமுன் மறைந்தார். இன்றும் அமெரிக்க நூலகர் சங்கம் சிறந்த சித்திர நூலுக்கு ஆண்டுதோறும் அளிக்கும் பதக்கம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருடைய கோடுகள் மிகச் சில. எதை வரையாமல் விடுவது என்று அறிந்த கை அது. நான்கு கீற்றுகளில் ஒரு நாய் ஓடும். ஆறு கீற்றுகளில் ஒரு குதிரை மிரளும்.

ஆனால், கால்டெகாட்டின் பெருமை கோட்டின் சிக்கனத்தோடு முடிவதில்லை. 1882இல் அவர் ஒரு தாலாட்டுக்குப் படம் வரைந்தார். தந்தை வேட்டைக்குப் போயிருக்கிறார். குழந்தையைப் போர்த்த முயல்தோல் கொண்டு வருவார் என்பது அத்தாலாட்டின் பொருள். பாட்டு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. ஓவியரோ கடைசியில் ஒரு படத்தைச் சேர்த்தார். முயல்தோலைக் காதுகளோடு அணிந்த குழந்தை, தாயோடு நடந்து செல்கிறது. எதிரே மேட்டில் உயிருள்ள முயல்கள் நிற்கின்றன. குழந்தை திகைப்போடு அவற்றைப் பார்க்கிறது. முயல்களும் குழந்தையைப் பார்க்கின்றன. தன் உடம்பைச் சூடாக்கும் போர்வை எங்கிருந்து வந்தது என்ற வினா அந்தச் சின்னஞ்சிறு முகத்தில் அரும்புகிறது. பாட்டிலே இல்லாத மனச்சாட்சியைப் படம் எழுப்பிவிட்டது. போதனை இல்லை, அச்சுறுத்தல் இல்லை, பார்வை ஒன்றே உண்டு. பெரியோர் பத்து நாள் உபதேசித்தாலும் இதனைக் குழந்தைக்கு உணர்த்த முடியுமா என்று ஐயுறுகிறோம்.

முயலைப் பற்றிப் பேசும்போது பீட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரை விட்டுவிட முடியாது. 'பீட்டர் முயல்' கதையை 1901இல் தம் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 1902இல் பதிப்பகத்தார் அதை ஏற்று வெளியிட்டனர். சிறு கைகள் தாங்கும்படி புத்தகமும் சிறிதாக இருக்க வேண்டுமென்பது அவர் பிடிவாதம். அவர் வரைந்த முயல் சட்டை அணிந்திருக்கும். எனினும் அதன் எலும்பும் தசையும் காதின் மடிப்பும் உண்மை முயலுடையவையே. ஏனெனில், அவர் முயல்களை வீட்டில் வளர்த்து, ஆண்டுக்கணக்காக உற்றுப் பார்த்து வரைந்து பழகியவர்.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான குணம் யாது? உற்றுப் பார்த்தல். நல்ல சித்திரத்துக்கு அடிப்படை கையன்று, கண்ணே என்று தோன்றுகிறது. கண் பார்த்ததற்குக் கை ஊழியம் செய்கிறது. இதனை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே வருவார்களாக.

கண்ணின் குற்றம்

பாட்டர் அம்மையாரின் முயலுக்கு இரண்டாண்டு முன்னதாக, 1899இல், லண்டனில் மற்றொரு சிறிய சித்திர நூல் வெளிவந்தது. 'சின்னக் கறுப்புச் சாம்போ' என்பது அதன் பெயர். அதனை எழுதிப் படமும் வரைந்தவர் ஹெலன் பானர்மன் என்னும் ஸ்காட்லாந்து அம்மையார். இந்திய மருத்துவப் பணியிலிருந்த கணவரோடு பல்லாண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவர். கொடைக்கானல் மலைக்கும் சமவெளிக்குமாக அக்குடும்பம் போய்வந்த காலத்தில், நெடிய ரயில் பயணமொன்றில், தம் இரு பெண்மக்களை மகிழ்விக்க அவர் புனைந்த கதை அது.

கதையைப் பற்றி நாம் குறை சொல்வதற்கில்லை. புத்தாடை அணிந்து காட்டுக்குள் உலாவும் சிறுவனைப் புலிகள் ஒவ்வொன்றாக மறிக்கின்றன. அவன் சட்டையையும் கால்சட்டையையும் மிதியடியையும் குடையையும் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்கிறான். அவற்றில் எதை அணிந்த புலி பெரிய புலி என்று புலிகள் தமக்குள் சண்டையிட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் பணியாரம் சுட்டு அக்குடும்பம் உண்கிறது. அகங்காரம் கொண்டவை அழிந்தன. அறிவுள்ள பிள்ளை பிழைத்தான். ஒரு கறுத்த சிறுவனைக் கதைத் தலைவனாக்கி, புலிகளுக்குமுன் அஞ்சி நில்லாத மதிநுட்பத்தை அவனுக்குக் கொடுத்த நூல் அக்காலத்தில் அரிது.

பிறகு குற்றம் எங்கே? பெயரிலும் படத்திலும். 'சாம்போ' என்பது வெள்ளையர் கறுப்பின மக்களை ஏளனமாக அழைத்த பெயர். படத்திலோ, உருண்டு பிதுங்கிய கண்களும், முகத்தின் பாதியை அடைக்கும் சிவந்த உதடுகளுமாக ஒரு கேலியுருவம் நிற்கிறது. அது எந்நாட்டுக் குழந்தையின் முகமும் அன்று. அமெரிக்க நாடகமேடைகளில் வெள்ளைக்காரர் எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப் போல நடித்துச் சிரிப்பு மூட்டிய வழக்கம் ஒன்றுண்டு. அந்த மேடைப் பூச்சின் அச்சே குழந்தையின் முகமாகப் புத்தகத்தில் வந்துவிட்டது. புலியும் நெய்யும் இந்தியாவுக்குரியவை. முகமோ எந்நாட்டுக்கும் உரியதன்று. கதை அவனை வீரனாக்கிற்று. சித்திரம் அவனைக் கோமாளியாக்கிற்று.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய விந்தை ஒன்றுண்டு. பானர்மன் அம்மையார் கறுத்த குழந்தைகளைக் காணாதவர் அல்லர். நாள்தோறும் கண்டவர். அவர் கை வரைந்ததோ கண் கண்டதை அன்று. வழக்கம் வார்த்துக் கொடுத்த அச்சை. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு முயலின் காது எப்படி மடியும் என்று ஒருவர் ஆண்டுக்கணக்காக உற்றுப் பார்த்தார். முயலுக்குக் கிடைத்த கவனம் ஒரு மனிதக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. இதற்கு மேல் ஓர் இழிவு வேண்டுமா?

அம்மையார் அந்நூலின் பதிப்புரிமையை 5 பவுனுக்கு விற்றுவிட்டார். பின்னர் அமெரிக்காவில் பலர் பலவாறாகப் படம் வரைந்து வெளியிட்டனர். அவற்றுட் சில மூலத்தினும் கேவலமானவை. 1932இல் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹ்யூஸ், இத்தகைய நூல் வெள்ளைக் குழந்தைக்கு வேடிக்கையாக இருக்கலாம். முன்பே பல காயங்கள் பட்ட குழந்தைக்கு அது மேலும் ஒரு காயம் என்ற கருத்துப்பட எழுதினார். நெடுங்காலத்துக்குப் பின், 1996இல், பிரெட் மார்சலினோ என்னும் ஓவியர் அதே கதைக்கு இந்தியப் பெயர்களும் இந்திய முகங்களும் கொடுத்து 'சின்னப் பாபாஜி'யாக வெளிக்கொணர்ந்தார். கதை அப்படியே நின்றது, இழிவு போய்விட்டது. நஞ்சு எந்தக் கலத்தில் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நல்லெண்ணமும் சில வேளை இதே குழியில் விழும். பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிக் ஹாப்மன் தம் மூன்று வயது மகனுக்காக எழுதி வரைந்து, 1845இல் வெளியான ஜெர்மன் சித்திர நூல் உலகப் புகழ்பெற்றது. அதில் ஒரு கதை: குடை பிடித்துச் செல்லும் கறுப்பினச் சிறுவனை மூன்று பையன்கள் கேலி செய்கின்றனர். பெரியவர் ஒருவர் கண்டிக்கிறார், கேட்கவில்லை. அவர் மூவரையும் பெரிய மைக்கூட்டில் அமிழ்த்தி எடுக்கிறார். அவர்கள் அச்சிறுவனைவிடக் கறுத்துப்போகின்றனர். நிறத்தை இகழாதே என்பது கதையின் நீதி. ஆனால், அவர்களுக்குக் கிடைத்த தண்டனை யாது? கறுப்பாவதே! கறுப்பு இழிவன்று என்று வாய் சொல்ல, கறுப்பே தண்டனை என்று படம் சொல்கிறது. குழந்தை எதனை நினைவில் வைத்துக்கொள்ளும்?

கறுத்த மக்களோடு இவ்விழிவு நின்றுவிடவில்லை. 1938இல் அமெரிக்காவில் வெளிவந்த 'சீனச் சகோதரர் ஐவர்' என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். சகோதரர் ஐவரும் ஒரே சாயலாக இருப்பது அக்கதைக்கு வேண்டியதே. ஆனால், அவர்கள் முகத்தில் பூசிய மஞ்சளும், கண்ணுக்குப் பதிலாக இட்ட கீற்றும், சீனர் எல்லோரும் ஒருவரைப் போல் ஒருவர் என்னும் பழம் ஏளனத்தையே வளர்த்தன என்று பிற்காலத்தார் கண்டித்தனர். அதை வரைந்த குர்ட் வீஸே சீனாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். டாக்டர் சூஸ் 1937இல் வெளியிட்ட முதல் சிறுவர் நூலிலும் மஞ்சள் நிறமும் நீள்சடையுமாக ஒரு சீனர் வந்தார். 1978இல் நிறத்தையும் சடையையும் ஆசிரியரே நீக்கினார். எனினும், 2021இல் அந்நூலையும் வேறு ஐந்தையும் இனி அச்சிடுவதில்லை என்று அவர் நூல்களின் உரிமையாளர் அறிவித்தனர். சீனக் குழந்தையும் மலாய்க் குழந்தையும் தமிழ்க் குழந்தையும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கும் நாடுகளில் வாழும் நமக்கு, பக்கத்தில் இருப்பவன் முகத்தை ஒரு கீற்றாகச் சுருக்கிக் காட்டும் படம் எவ்வளவு பெரிய பொய் என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இரண்டு வாதங்கள்

இங்கே சிலர் குறுக்கிடுவர். "அக்காலத்தார் அறியாமையால் செய்தனர். இக்காலத்து அளவுகோலால் அவர்களை அளக்கலாமா?" என்பர். இவ்வாதத்தில் ஓரளவு நியாயமுண்டு. செத்தவரைக் கூண்டிலேற்றித் தண்டிக்க நாமும் விரும்பவில்லை. ஆனால், காலத்தின் மேல் முழுப்பழியையும் போட்டுவிடுவது பொருந்தாது. முயலை உண்மையாகப் பார்க்கும் ஆற்றல் அக்காலத்தில் இருந்தது. வேட்டைத்தோலை அணிந்த குழந்தையின் முகத்தில் மனச்சாட்சியை வரையும் ஆற்றலும் இருந்தது. இல்லாமற்போனது ஆற்றலன்று, மனம். அன்றியும், புத்தகம் 1899இல் அச்சானதாக இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கும் குழந்தை இன்று பிறந்த குழந்தை. அதன் நெஞ்சில் விழும் அடி இன்று விழும் அடியே. பழைய கத்தி என்பதனால் அது வெட்டாதா?

வேறு சிலர் எதிர்ப்புறத்திலிருந்து வருவர். "இழிவு கலந்தது எதுவாயினும் ஒழிக்க வேண்டும், நூலகத்திலும் இருக்கலாகாது" என்பர். இவர்களுடைய சினத்தை நாம் மதிக்கிறோம். இழிவுபட்டவனுக்கே அதன் வலி தெரியும். ஆயினும், எரித்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தை எவ்வாறு பார்த்தது என்பதற்கான எழுத்துச் சாட்சி அழிந்துபோகும். சாட்சி அழிந்தால் மகிழ்பவன் குற்றவாளியே. நாளைக்கு அவன் பேரன், "அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை" என்று சாதிப்பான். ஆகவே அழித்தல் நமக்கு உதவாது.

இவ்விரு வாதங்களுக்கும் இடையில் ஒரு வினா எஞ்சுகிறது. சித்திரத்தின் அழகு அதன் குற்றத்தைக் குறைக்குமா, கூட்டுமா? கூட்டும் என்பதே நம் துணிபு. தட்டுத்தடுமாறி வரைந்த இழிபடம் சீக்கிரம் மறந்துபோகும். தேர்ந்த கை வரைந்த இழிபடமோ இனிப்பில் தோய்த்த நஞ்சுபோல் விரும்பி உண்ணப்படும். ஆகவே, "அழகாக இருக்கிறதே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்பது தலைகீழான கேள்வி. அழகாக இருப்பதனாலேயே நாம் மேலும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

நம் வீட்டு ஏடுகள்

பிறர் முதுகின் அழுக்கைக் காட்டிவிட்டு நம் முதுகைத் திருப்பிக் கொள்வது சீர்திருத்தம் ஆகாது. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தோன்றிய 'அம்புலிமாமா' பல தலைமுறைத் தமிழ்ப் பிள்ளைகளின் கண்ணுக்கு விருந்தாக இருந்த ஏடு. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமாதித்தன் நடக்கும் சித்திரத்தை மறந்தவர் யார்? அதனை வரைந்த சங்கர் பல பத்தாண்டுகள் அவ்வேட்டுக்குப் படம் வரைந்து, 2020இல் மறைந்தார். மரத்தின் கிளை, கோட்டையின் கல், குதிரையின் சேணம் என்று எதையும் அவசரத்தில் வரையாத கை அவருடையது. அதைப் போற்றாதவன் கலையறியாதவன்.

ஆனால், நம் புராணச் சித்திரக் கதைகளைப் பொதுவாக நோக்குங்கள். 1967இல் தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' வரிசையை ஆராய்ந்தோர் பலரும் சுட்டிய குறை ஒன்றுண்டு: தேவரும் அரசரும் வெளுத்த மேனியர்; அசுரரோ பெரும்பாலும் கரிய மேனியர், தடித்த உதட்டினர். நாம் கேட்கிறோம்: அரக்கனை உலகில் எவரும் கண்டதில்லையே, அவனுக்குப் பூசிய நிறத்தை ஓவியர் எங்கிருந்து எடுத்தார்? வயலில் வெயில் காயும் உழவனின் முதுகிலிருந்து எடுத்தாரா? பால்மரம் சீவிய நம் பாட்டனின் மேனியிலிருந்து எடுத்தாரா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமக்கு நாணமாக இருக்கிறது. வெள்ளையன் நம் நிறத்தைக் கோமாளிக்குக் கொடுத்தான் என்று வருந்துகிறோம். நாமே அதை அரக்கனுக்குக் கொடுத்துவிட்டு, நம் பெண் குழந்தை கண்ணாடி முன் நின்று முகத்துக்கு மாவு மேல் மாவாகப் பூசுவதைக் கண்டு வியக்கிறோம்!

செய்யத் தக்கது

எனவே, பழைய சித்திர நூலைப் பார்க்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வரைந்தவர் பார்த்து வரைந்தாரா, பாராமல் வரைந்தாரா? இந்த ஒரு கேள்வி கலைக்கும் அறத்துக்கும் ஒருங்கே உரைகல்லாகும். பார்த்து வரைந்த முயலும், பார்த்து வரைந்த மரமும், பார்த்து வரைந்த குழந்தையும் எந்நாட்டதாயினும் நம்முடையவை. அவற்றைத் தயங்காமல் மகிழ்ந்து போற்றுவோம். பாராமல் வரைந்த முகத்தை, அது எத்துணைப் புகழ்பெற்ற நூலில் இருப்பினும், பொய் என்று சொல்லுவோம். ஒரே நூலில் இரண்டும் இருந்தால் இரண்டையும் சொல்லுவோம். அதனால் அழகு குறைந்துவிடாது. நம் பார்வைதான் கூர்மையடையும்.

இனி, வீட்டில் செய்வது எவ்வாறு? இழிபடமுள்ள நூல் ஆராய்ச்சியாளர் அலமாரியில் இருக்கட்டும், தொட்டிலருகே வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தை தன்னைத் தற்காத்துக்கொள்ள இயலாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு அதே நூலை ஒன்றாக அமர்ந்து பார்க்கலாம், "இவரை ஏன் இப்படி வரைந்திருக்கிறார்கள்?" என்று கேட்கலாம். விடையை நாம் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையே சொல்லும். அப்படிச் சொல்லக் கற்ற பிள்ளையை நாளைய செய்தித்தாளும் விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பழையதன் குற்றத்தைச் சொல்லுகிறவனுக்குப் புதியதை ஆக்கும் கடனும் உண்டு. 1940இல் அமெரிக்காவில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்னும் இளம் ஓவியர், ஒரு பத்திரிகையில் வந்த கறுப்பினச் சிறுவனின் நிழற்படங்களை வெட்டி வைத்துக்கொண்டார். அம்முகத்தின் அசைவுகளும் உடையின் மடிப்பும் அவர் மனத்தைக் கவர்ந்தன. இருபதாண்டுக்கு மேலாக அப்படங்களை அவர் கைவிடவில்லை. 1962இல், செவ்வாடை அணிந்து பனியில் கால் பதித்து மகிழும் ஒரு கறுப்பினச் சிறுவனைத் தலைவனாக்கி 'பனி நாள்' என்னும் நூலை ஆக்கினார். கோமாளித்தனமில்லை, கேலியில்லை, பனியைக் கண்டு வியக்கும் ஒரு குழந்தை, அவ்வளவே. 1963இல் கால்டெகாட் பதக்கம் அந்நூலுக்குக் கிடைத்தது. சாம்போவின் முகத்துக்கு மறுமொழியாக ஒருவர் இருபதாண்டு பார்த்து ஒரு முகத்தை வரைந்தார் என்று சொல்லலாம்.

செலவு மிகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. சோவியத் நாட்டின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் அந்நாடு கலையும்வரை தமிழிலேயே சிறுவர் நூல்களை நிறச் சித்திரங்களோடு அச்சிட்டு மிகக் குறைந்த விலைக்கு அளித்தன. ஏழைப் பிள்ளையின் கைக்கு நல்ல சித்திரம் எட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு எவன்ஸின் ஆறு பென்ஸ் புத்தகமும் அந்த மாஸ்கோப் புத்தகமும் சான்று.

நம் ஓவியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று. நம் பிள்ளைகளை உற்றுப் பாருங்கள். மழையில் பள்ளிக்கு ஓடும் பிள்ளை, அடுக்குமாடி நடையில் பந்து உருட்டும் பிள்ளை, தோட்டத்து வீட்டு வாசலில் தம்பியை இடுப்பில் வைத்திருக்கும் அக்காள் ஆகியோரை முயலைப் பார்த்த அந்தப் பொறுமையோடு பாருங்கள். பிறகு வரையுங்கள். "இது யார்?" என்று குழந்தை கேட்கும்போது, தாய் கூசாமல், "இது நீ" என்று சொல்லத்தக்க படம் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் ஒன்றாவது இருக்க வேண்டும்.